மூன்று மணிக்குச் சும்மா இருந்த தெரு

– சேவலையே முள்ளிப்பட்டுக்கு அனுப்பிட்டோம்ணா. எங்க சித்தி வூட்டுல கட்டிப் போட்டிருக்கு. ஒரு சேவலே அவ்ளோ பெரிய மனசு பண்ணியிருக்குது, நீங்க எட்டு பவர்லூம் மிஷினை ஒரு மணி நேரம் நிறுத்த மாட்டீங்களா?

– இன்னா லீலா? சத்தமா சொல்லு. மிஷின் ஓடுது.

– அதைத்தாண்ணா நானும் சொல்றேன். மிஷின் ஓடுது.

– ஓடறதுக்குத்தாம்மா ஷெட்டு போட்டிருக்கேன். ஓடாம நிக்கறதுக்குன்னா கல்யாண மண்டபம் கட்டியிருப்பேன். இந்த ஆபீஸ் ரூமுக்குள்ள வா, கதவைச் சாத்து. ம், இப்ப சொல்லு. உன் சேவலு மத்தியானம் மூணு மணிக்கு எதுக்குக் கூவுது?

– அதுக்கு நேரம் காலமே கெடையாதுண்ணா, பொறந்ததுல இருந்து அப்படித்தான். ஆனா தெய்வநாயகி கதை சொல்ற நேரம் மட்டும் கரெக்டா தெரியும். போன மாசம் கதையில ராணி கெணத்துப் படியில குந்திகினு அழுவறா, பின்னாடி இது தொண்டை கிழியக் கத்துது. எங்க வூட்டுச் சேவலுதான்னு ஆரணிக்கே தெரிஞ்சு போச்சு.

– எந்தத் தெய்வநாயகி? பின்னாடி வூட்டு இளவரசன் சம்சாரமா?

– இன்னாண்ணா தெரியாத மாரி கேக்கறீங்க துரைக்கண்ணுண்ணா? உங்க ஷெட்டுக்கும் அவங்க சமையக்கட்டுக்கும் நடுவுல ஒரே செவுரு. அந்தச் செவுத்தாண்ட குந்திகினு மூணுல இருந்து நாலு வரைக்கும் போன்ல கதை சொல்லி ரெக்கார்டு பண்ணுது. காலைல ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்புல வுடுது. சேவூர்ல இருந்து முள்ளிப்பட்டு வரைக்கும் நூத்தி அறுபது தறியில அதைக் கேட்டுகினுதான் நெய்யறோம். இடுப்பு வலி தெரியல, வெயிலு தெரியல, கொழந்தை அழுவறது தெரியல.

– கொழந்தை அழுவறது தெரியணும்மா.

– தெரியணும்தான். ஆனா ராணி ஒரு வாசலைத் தொறக்கற நேரத்துல எவளுக்குத் தெரியும்? அப்பேர்ப்பட்ட கதைண்ணா. ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் வாங்கிக்காது. தீவாளிக்கு எல்லாரும் சேந்து போன் நிக்க வெக்கற ஸ்டாண்டு ஒண்ணு குடுத்தோம். மறுநாளே திரும்பி வந்துடுச்சு, கூடவே ஒரு தூக்கு அதிரசம். திலகவதி ரவிக்கைத் துணி குடுத்தா. அது தைச்சே திரும்பி வந்துச்சு, திலகவதி அளவுல.

– கச்சிதமா இருந்துச்சா?

– அதான் பேஜாரு. அவ டெய்லர் தைச்சதை வுட நல்லா இருந்துச்சு. அப்பந்தான் நாங்க பொம்பளைங்க எல்லாம் குந்தி யோசிச்சோம். திருப்பி அனுப்ப முடியாததா எதுனா குடுக்கணும். சத்தம் போடாம இருக்கறதை அது எந்தத் தூக்குல வெச்சுத் திருப்பி அனுப்பும்?

– அதுக்காக ஊரையே ஊமையாக்கிட்டியா?

– ஊரு இல்லண்ணா, தெரு. விக்னேஷு புல்லட்டை முக்குலயே நிறுத்திட்டுத் தள்ளிகினு வர்றான். டீக்கடைக்காரரு மூணுல இருந்து நாலு வரைக்கும் டீயை ஆத்தாமயே குடுக்கறாரு, நாலு பேருக்கு நாக்கு வெந்து போச்சு. பழைய இரும்பு வாங்கற ஆளு மைக்கை நிறுத்திட்டு ஒவ்வொரு வூட்டையும் பாத்துக் கையை மட்டும் ஆட்டிகினு போறாரு. அதைப் பாத்துட்டு அபிதகுசாம்பா, ஏதோ தூரத்துச் சொந்தம்னு நெனச்சு உள்ள கூப்பிட்டுக் காபி குடுத்து அனுப்பிட்டா. இன்னிக்குக் கைத்தறிக்காரங்க பதினாலு வூடும் மூணு மணிக்குத் தறியை வுட்டு எறங்கிடறோம். மிச்சம் இருக்கறது உங்க எட்டு மிஷினுதான்.

– அப்புறம் பாக்கலாம்மா. தை பொறக்கட்டும்.

– தையா? கதையே வெள்ளிக்கிழமையோட முடியுதுண்ணா. நேத்து எவனோ ஒருத்தன் குரூப்புல, மிஷின் சத்தத்துல ஒண்ணுமே வெளங்கலைன்னு போட்டுட்டான். உடனே இது, மன்னிக்கணும், வெள்ளியோட முடிச்சுக்கறேன்னு போட்டுடுச்சு. இன்னிக்கு ஒரு நாள் கதை சுத்தமா விழுந்துச்சுன்னா அதுக்கு மனசு மாறும். இன்னிக்கு வுட்டா அவ்ளோதான்.

– வெள்ளிக்கிழமையோடயா? அது எப்படி முடியும்? ராணி இன்னும் ஆறாவது வாசலையே தாண்டலையே.

– அண்ணா.

– இன்னா?

– ராணி ஆறாவது வாசலாண்ட நிக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– எங்க வூட்டுல போட்டுக் கேப்பாங்க. போறப்ப வர்றப்ப காதுல வுழும்.

– அண்ணி பேரனைப் பாக்க பெங்களூரு போயி மூணு மாசம் ஆவுது. ஆறாவது வாசல் வந்தது முந்தாநேத்து.

– அப்படியா?

– சட்டைக்குள்ள இருந்து காதுக்குப் போவுதே ஒரு ஒயரு, அது டாக்டரு குடுத்ததா?

– சரி, கேக்கறேன். தெனம் கேக்கறேன். ஷெட்டுல கேக்கறேன். வெளிய எவன்கிட்டயாவது சொன்ன, உங்க வூட்டுப் பக்கம் போற ஜன்னலை எல்லாம் தொறந்து வெச்சு மிஷினை ஓட்டுவேன்.

– நா ஏண்ணா சொல்லப் போறேன். கேக்கற மனுஷன் நீங்களே நிறுத்த மாட்டேன்னா எப்படி? அதை மட்டும் சொல்லுங்க.

– கேக்கறதாலதாம்மா நிறுத்த மாட்டேன்றேன். உனக்கு அந்த ராஜா யாருன்னு தெரியுமா?

– எந்த ராஜா, கல்காது ராஜாவா? அது கதைண்ணா.

– கதைதான். ஆனா யாரைப் பாத்து வெச்ச கதை? யாரு இன்னா சொன்னாலும் காதுல ஏறாது. எதைக் கேட்டாலும் 'பிறகு பார்க்கலாம்'பான். அரண்மனைக்குள்ள பொழுது விடிஞ்சு பொழுது போனா இரும்புச் சத்தம். மொகத்துல பாதிக்கு மீசை. இந்தச் சேவூர்ல வேற எவன் இருக்கான்? நாந்தான்.

– நீங்களா?

– வேலூர்ல என் மச்சான் கூட அதைக் கேட்டுட்டு இப்பல்லாம் 'இன்னா ராஜா, சாப்டாச்சா'ன்னுதான் போன் பண்றான். ஐம்பத்தெட்டு வயசாவுது லீலா. என்னை வெச்சு எவன் கதை சொன்னான்? கல்யாணப் பத்திரிகையில கூட என் பேரைத் துரைசாமின்னு போட்டுட்டானுங்க. இப்ப நூத்தி அறுபது தறியில என்னைத் திட்டிகினே நெய்யறாங்கன்னா, அது சும்மா கெடைக்குமா?

– அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. உங்க கதைக்காகவாவது நிறுத்துங்க.

– நிறுத்தினா இன்னா ஆவும் தெரியுமா? அந்தப் பொண்ணு சந்தோஷப்படும். அது சந்தோஷப்பட்டா ராஜாவுக்கு நல்ல புத்தி வந்துடும். நல்ல புத்தி வந்த ராஜா கதையில எத்தினி நாளு இருப்பான்? ரெண்டு நாளு. மூணாம் நாளு ராணி கையைப் புடிச்சுகினு தேருல ஏறிப் போயினே இருப்பான். நா கெட்டவனா இருக்கற வரைக்கும்தான் எனக்குக் கதை.

– சரிண்ணா. போன வியாழக்கிழமை கதையைக் கேட்டீங்க இல்ல?

– கேட்டேனே. ராஜா சபையில எழுந்து நின்னு பேசினானே.

– இன்னா பேசினான்?

– பேசினான். ஆவேசமா.

– அதான் இன்னான்னு?

– நா ஷெட்டுக்குள்ள இருந்து கேக்கறதால, மிஷின் சத்தத்துல கொஞ்சம் சரியா வுழல. உங்களுக்கெல்லாம் வுழுந்திருக்கும்.

– எங்க யாருக்கும் வுழலண்ணா. உங்க மிஷினு ஷெட்டுல மட்டும் ஓடல, கதைக்குள்ளயும் ஓடுச்சு. ராஜா முழுசா ஆறு நிமிஷம் பேசினான். நூத்தி அறுபது தறியில ஒருத்தருக்குக் கூட ஒரு வார்த்தை வெளங்கல. உங்க பேச்சை உங்க மிஷினே முழுங்கிடுச்சு.

– ஆறு நிமிஷமா?

– ஆறு நிமிஷம்.

– அடப்பாவிங்களா.

– இன்னிக்கு அதுக்கு ராணி பதில் சொல்லப் போறா. அவ சொன்னா ராஜா சும்மா இருப்பானா? மறுபடியும் எழுந்து பேசுவான். அது ஊருக்குக் கேக்கணுமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. நா போறேன்.

– இரு, இரு. எங்க ஓடற? நடுவுல நிறுத்தி எடுத்தா துணியில கோடு வுழும் லீலா.

– ராஜாவுக்கே கோடு வுழுந்து கெடக்குது, துணியைப் பாக்கறீங்களே.

– ஒரே ஒரு கண்டிசன், கேட்டுக்க. நாந்தான் நிறுத்தினேன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியவே கூடாது. நன்றி கின்றின்னு வந்து நின்னுடுச்சுன்னா என் ராஜா போச்சு. எவன் கேட்டாலும் மிஷின் ரிப்பேரு. சத்தியம் பண்ணு.

– எங்க வூட்டுத் தறி மேல சத்தியம்.

– அந்தத் தறி மேல நீ ஏற்கெனவே நாலு சத்தியம் பண்ணியிருக்க.

– சேவல் மேல சத்தியம்.

– சரி. மணி இன்னா?

– மூணாவ ரெண்டு நிமிஷம்.

– ஆளுங்களை டீக்கு அனுப்பிட்டு வர்றேன். நீயும் வா, அந்தப் பக்கத்து நாலை நீ நிறுத்து. செவப்புப் பொத்தான். ஒவ்வொண்ணா நிறுத்து, நா சொல்றப்ப மட்டும்.

– இதுவா?

– அது லைட்டு. கீழ இருக்கறது. ம். அடுத்தது. அதுக்கு அடுத்தது. கடைசி மிஷினு எப்பவும் லேசுல நிக்காது, ரெண்டு தடவை அமுக்கு.

– நின்னுடுச்சுண்ணா.

– நின்னுடுச்சு.

– ஏண்ணா இப்படி முழிக்கறீங்க?

– செவுத்துல கடிகாரம் ஓடுது லீலா. டிக் டிக்குன்னு கேக்குது. பதினோரு வருஷமா தொங்குது. அதுக்குச் சத்தம் இருக்குதுன்னே எனக்குத் தெரியாது.

– மெதுவா பேசுங்க. அந்தச் செருப்பைக் கழட்டுங்க, கீச்சு கீச்சுன்னுது.

– கைத்தறிங்களும் நின்னுடுச்சா?

– நின்னுடுச்சு. பின்னாடி வூட்டுல இளவரசன் தறி மட்டும் ஓடுது பாருங்க. நா அவருக்குச் சொல்லல. வூட்டுக்காரருதானே, அவருக்கு நாம சொல்லணுமான்னு வுட்டுட்டேன். செவுத்தாண்ட வாங்க. காதை வெச்சுக் கேளுங்க.

– ஏதோ முனகுது.

– முனகல் இல்லண்ணா. கதை.

– "...ஆறாவது வாசலின் தாழ்ப்பாள் மீது கை வைத்து ராணி சொன்னாள்: அரசே, உமது காதுகள் கல்லாகப் பிறந்தவை அல்ல. கேட்கக் கேட்கக் காரியம் கெடும் என்று யாரோ சொன்னதை நம்பி, நீரே அவற்றின் மேல் கல்லை வைத்துக்கொண்டீர். கூண்டுக்குள் இருந்த மைனாவிடம் பேசினேன். அது தலை சாய்த்துப் பார்த்தது. அடுப்பின் மேல் இருந்த பானையிடம் பேசினேன். அது கொதித்துப் பதில் சொன்னது. பன்னிரண்டு ஆண்டுகளாக உமது முதுகிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். முதுகுக்கு நல்ல பழக்கம் ஒன்று உண்டு. அது ஒருபோதும் குறுக்கே பேசுவதில்லை. இன்று நான் இந்த வாசலைத் திறந்தால் ஏழாவது வாசல் ஒன்றுதான் மிச்சம். அதற்கு அப்பால் உமது அரண்மனை இல்லை, காடுதான் இருக்கிறது. நான் போவது உமக்குக் கேட்குமா என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அதைக் கேட்ட அரசன், மெல்லத் தலையை உயர்த்தி..."

– உயர்த்தி?

– நிறுத்திடுச்சு.

– தண்ணி குடிக்கப் போயிருக்கும்ணா.

– ராஜா தலையை உயர்த்தி இன்னா பண்ணான் லீலா? அங்க கொண்டு போயா நிறுத்தும்?

– ஷ். பின்கதவு தொறக்கற சத்தம். கொலுசு. அண்ணா, இங்கதான் வருது.

– மிஷின் ரிப்பேரு. ஞாபகம் வெச்சுக்க, மிஷின் ரிப்பேரு. காதை எடு செவுத்துல இருந்து.

– துரைக்கண்ணுண்ணா, உள்ள வரலாமா? அட, லீலாக்கா, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா. யாருங்க போனது?

– எங்கயும் போவல தெய்வநாயகி. ஆளுங்க எல்லாம் டீக்குத்தான் போயிருக்காங்க.

– இல்லக்கா. தெரு மொத்தமும் தறி நின்னு போச்சே. நா கல்யாணமாகி வந்த நாளா, சாவு வுழுந்தா தவிர இந்தத் தெருவுல எல்லாத் தறியும் ஒண்ணா நின்னு பாத்ததில்லை. யாருங்க பெரியவங்க? முக்குல பூக்காரம்மா மாலை கட்டவே ஆரம்பிச்சுட்டாங்க. பேரு அப்புறம் கேட்டுக்கலாம், முழம் தெரிஞ்சா போதும்னு கட்டறாங்க.

– ஐயோ. லீலா, இது நமக்குத் தோணவே இல்லையே.

– எதுங்கண்ணா தோணல?

– கரண்ட்டு. கரண்ட்டு போச்சு தங்கச்சி.

– உங்க தலைக்கு மேல ஃபேன் சுத்துதுங்களே.

– அது இன்வெர்ட்டரு.

– அண்ணா, ரிப்பேருன்னு சொல்றதா பேச்சு.

– ஆமா, ரிப்பேரு. மிஷின் ரிப்பேரு. மறந்துட்டேன்.

– எட்டும் ஒண்ணாவா? சரி, மிஷினுக்கு ரிப்பேரு. பதினாலு கைத்தறிக்கும் எப்படிங்கண்ணா ஒரே நிமிஷத்துல ரிப்பேரு வரும்? என்கிட்ட மறைக்காதீங்க. நா தைரியமா இருப்பேன்.

– சரி தங்கச்சி. இதுக்கு மேல மறைச்சு பிரயோஜனம் இல்ல. எங்க பெரியம்மா தவறிட்டாங்க. முள்ளிப்பட்டுல.

– பொன்னியம்மா பெரியம்மாவா?

– அவங்கதான். நல்ல மனுஷி.

– எப்போ?

– காலைல. விடிய காலைல.

– இன்னிக்குப் பத்தரை மணிக்கு டவுன் பஸ்சுல எனக்கு எடம் புடிச்சு வெச்சாங்களே. உங்க லீலா சேவலு எங்க தெருவுல ஒருத்தரையும் கண்ணு மூட வுடலைடின்னு வழியெல்லாம் திட்டிகினே வந்தாங்க.

– நல்லாத்தான் திட்டினாங்களா?

– ரொம்ப நல்லா.

– போதும்ணா, உயிரோட இருக்கற மனுஷிக்கு இன்னும் ஒரு மாலை கட்ட வெக்காதீங்க. நா சொல்லிடறேன். தெய்வநாயகி, யாரும் சாவல. நீ கதை சொல்றதுக்காகத்தான் எல்லாரும் நிறுத்தினோம்.

– எனக்காகவா?

– உனக்காகத்தான். இன்னா குடுத்தாலும் திருப்பி அனுப்பிடற. அதான் தெருவுல ஆளாளுக்கு அவங்கவங்க சத்தத்தைக் குடுத்தாங்க. பத்து நாளா நடக்குது. விக்னேஷு, டீக்கடை, இரும்புக்காரரு, எங்க சேவலு. இன்னிக்கு அண்ணாவும் மிஷினைக் குடுத்துட்டாரு.

– சேவல் மேல சத்தியம் பண்ணியே லீலா.

– அது முள்ளிப்பட்டுல இருக்குதுண்ணா, சத்தியம் இங்க செல்லாது. இப்ப சொல்லு தெய்வநாயகி. வெள்ளிக்கிழமையோட முடிக்க மாட்ட இல்ல? ஏம்மா, இன்னா ஆச்சு? ஏன் மொகம் அப்படிப் போவுது?

– அண்ணா, மிஷினைப் போடுங்க.

– இன்னா?

– போடுங்கண்ணா. எட்டையும் போடுங்க, உங்களுக்குக் கோடி புண்ணியம். அவருக்குக் கேட்டுடும்.

– யாருக்கு?

– எங்க வூட்டுக்காரருக்கு.

– இளவரசனுக்கா? கேட்டா இன்னா? அவருந்தானே தெனம் காலைல தறியில குந்திகினு கேக்கறாரு. போன வாரம் நா கூட, கதை எப்படின்னேன். 'அந்தம்மா பிரமாதமா சொல்லுது'ன்னாரு. பொண்டாட்டியை அந்தம்மான்னு எவ்ளோ மரியாதையா சொல்றாரு பாருன்னு வூட்டுக்குப் போயி எங்காளுகிட்ட சண்டையே போட்டேன்.

– அது நாந்தான்னு அவருக்குத் தெரியாதுக்கா. குரூப்புல வேற நம்பரு, பேரும் போடல.

– தெரியாதா?

– தெரியாது.

– அதெப்படிம்மா, சொந்தப் பொண்டாட்டி கொரலு ஒரு மனுஷனுக்குத் தெரியாம போவும்?

– பன்னெண்டு வருஷத்துல அவரு அதை எங்கக்கா காது குடுத்துக் கேட்டாரு, தெரிஞ்சுக்கறதுக்கு? தறியில குந்தினா குந்தினதுதான். நல்லவரு, ஒரு கெட்ட வார்த்தை கெடையாது. ஆனா உப்பு போதுமான்னு கேட்டா 'அப்புறம் பாக்கலாம்'பாரு. எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, போயிட்டு வரட்டுமான்னாலும் 'அப்புறம் பாக்கலாம்'தான்.

– இரு தங்கச்சி. 'அப்புறம் பாக்கலாம்'மா? அது ராஜா பேசறது இல்ல?

– ஆமாங்கண்ணா.

– அப்ப அந்த ராஜா...

– அவருதாங்கண்ணா.

– நா இல்லையா?

– நீங்க ராஜான்னு யாருங்கண்ணா சொன்னது?

– யாரும் சொல்லல. லீலா, சிரிக்காத. மீசை இருக்குதே தங்கச்சி? இளவரசனுக்கு ஏது மீசை?

– ராஜான்னா மீசை இருக்கும்னு வெச்சேங்கண்ணா.

– அந்த இரும்புச் சத்தம்?

– அது உங்களுதுதான். ரெக்கார்டுல எப்படியும் வந்து வுழுது. மொதல்ல அதை மழைன்னு சொல்லிப் பாத்தேன். நாப்பது நாளு மழை பேஞ்சா ராணி எப்படி வாசலுக்கு வருவா? அதான் அரண்மனைக்குள்ள ஒரு கொல்லன் பட்டறையை வெச்சுட்டேன்.

– அப்ப இத்தினி நாளா நா வெறும் பட்டறை.

– பட்டறை இல்லாம கதையே இல்லைங்கண்ணா. அந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் சமையக்கட்டுல நா இன்னா பேசினாலும் முன் ரூமுக்குக் கேக்காது. அந்தத் தைரியத்துலதான் வாயே தொறந்தேன். அவருகிட்ட சொல்ல வேண்டியதை எல்லாம் உங்க செவுத்துகிட்ட சொன்னேன். மறுநாள் காலைல அவரு அதையே போன்ல வெச்சுக் கேட்டுகினு சிரிக்கறாரு. நேத்து கூட, 'இந்த ராணி பாவம், அவன் கொஞ்சம் திரும்பித்தான் பாத்தா இன்னா'ன்னாரு. டீ டம்ளரைக் கையில வெச்சுகினு நின்னேன். அதை அவருக்குக் குடுக்காமயே உள்ள வந்துட்டேன்.

– அடிப்பாவி. இதை ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நானே இன்னும் ரெண்டு சேவல் வாங்கி வுட்டிருப்பேனே.

– எப்படிக்கா சொல்றது? அதுவும் இல்லாம, மிஷின் சத்தம் எல்லாருக்கும் தொந்தரவுன்னு குரூப்புல வந்ததும் பயந்துட்டேன். யாராவது வந்து அண்ணாகிட்ட நிறுத்தச் சொல்லிடுவாங்களோன்னுதான் வெள்ளியோட முடிச்சுக்கறேன்னே போட்டேன்.

– நாங்க செவ்வாயே வந்துட்டோம்.

– கரண்ட்டு போனா ஃபேன் நிக்கும், நானும் சட்டுனு நிறுத்திடுவேன். இன்னிக்கு ஃபேன் ஓடுது, அதனால எனக்குத் தெரியல. ராஜா தலையை உயர்த்தற எடம் வந்துட்டேன். அப்பந்தான் என் கொரலு எனக்கே ரொம்பப் பெருசா கேட்டுச்சு. வாயை மூடறேன், முன் ரூம்ல அவரு தறியும் நின்னு போச்சு. சரி, சாவுதான் வுழுந்திருக்கும், அதுக்குத்தான் அவரும் நிறுத்தியிருப்பாருன்னு நெனச்சுகினு இங்க ஓடி வந்தேன். சாவாவே இருக்கட்டும்னு கூட ஒரு நிமிஷம் வேண்டிக்கிட்டேன், சாமி என்னை மன்னிக்கணும்.

– தெரிஞ்சா இன்னாம்மா பண்ணிடுவாரு? கோவிச்சுக்குவாரா?

– அவருக்குக் கோவமே வராதுக்கா. 'ஓ, நீயா'ம்பாரு. அவ்ளோதான், குனிஞ்சு தறி நாடாவை எடுத்துக்குவாரு. மறுநாள்ல இருந்து கேக்க மாட்டாரு. யாரோ ஒருத்தி சொல்றான்னுதான் அவரு கேக்கறாரு. அந்த யாரோவா இருக்கறதுக்கு எனக்குத் தெனம் ஒரு மணி நேரம் கெடைச்சுது. அதுவும் உங்க புண்ணியத்துல, உங்களுக்கே தெரியாம.

– தங்கச்சி, அழுவாத. இப்பவே போடறேன். எட்டையும் போடறேன், வேணும்னா கடகடன்னு சத்தம் போடற பழைய ஃபேனு ஒண்ணு இருக்குது, அதையும் போடறேன். லீலா, அந்தப் பக்கம் ஓடு. பச்சைப் பொத்தான்.

– லைட்டு எது, மிஷின் எதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது எனக்கு. இருங்க, போனு அடிக்குது. உங்களுதுண்ணா.

– இந்த நேரத்துல எவன்? ஐயய்யோ.

– யாரு?

– இளவரசன்.

– எடுக்காதீங்கண்ணா.

– எடுக்கலைன்னா நேருல வந்துடுவான் தங்கச்சி, நடுவுல ஒரு செவுருதான்.

– அப்ப ஸ்பீக்கருல போடுங்க. நா இங்க இல்ல. எங்க போனேன்னும் உங்களுக்குத் தெரியாது. லீலாக்கா, மூச்சு வுடாதீங்க.

– ஹலோ, சொல்லுப்பா இளவரசா. மிஷின் ரிப்பேரு.

– ரிப்பேரோ எதுவோ, ஒரு மிஷினையாவது போட்டு வுடுங்கண்ணா, ஜல்தி. தெய்வநாயகி அந்தாண்ட இருக்குதா?

– இல்ல. யாருமே இல்ல. நா மட்டும்தான்.

– அப்ப சரி. சத்தம் நின்னதுல பாதியில எழுந்து போயிடுச்சு, பாவம். அது பேசறது வெளிய தெரியக் கூடாதுன்னு என் தறியை எவ்ளோ வேகமா ஓட்டினேன் தெரியுமா, ஊடை நூலே அறுந்து போச்சு.

– எது பேசறது? நீ இன்னாப்பா சொல்ற?

– உங்களுக்குத் தெரியாதா? குரூப்புல கதை சொல்றது எங்க வூட்டுக்காரிதாண்ணா, மொத நாளு மொத வார்த்தையிலயே தெரிஞ்சு போச்சு. இந்த ஒரு வருஷத்துல அது என்கிட்ட நேரா மனசு வுட்டு ஒண்ணும் பேசலைன்னாலும் தெனம் அதுல ஒரு மணி நேரம் பேசுது, நா கேக்கறேன்னு தெரிஞ்சா நிறுத்திடும்னு தெரியாத மாரியே குந்தியிருக்கேன், சீக்கிரம் போடுங்கண்ணா, ராஜா தலையை உயர்த்தி இன்னா சொன்னான்னு எனக்குத் தெரியணும்.